உங்களுக்குத் தெரியுமா? தேர்தலுக்குப் பதில் தனி அலுவலர்

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணியின் நகராட்சியை, ஒரு மன்றத்தின் முழுப் பதவிக்காலத்தையும்விட நீண்ட காலம், மக்கள் தேர்ந்தெடுக்காத தனி அலுவலர்களே நிர்வகித்தனர்.

• முந்தைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19 அன்றுதான். தமிழக நகராட்சிகள் அனைத்திலும் இதே நிலை.

• நகராட்சி மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு. அது முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-யு பிரிவு.

• இதற்கு மாறாக, சட்டமன்றத் தொகுதி காலியானால் தனி அலுவலர் போல யாரையும் நியமிக்க முடியாது. 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்துவதே விதி. எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் விலக்கு உண்டு.

• ஆரணி அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர்.