மண்ணில்லாச் சாகுபடி: இலை வெளுத்தால் முதலில் வேரைப் பாருங்கள்

பசுந்தேயிலை விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால், குன்னூர், கோத்தகிரி பகுதியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் பி.வி.சி. குழாய் பொருத்தி, ஊட்டக் கரைசலில் லெட்யூஸ், செலரி வளர்க்கும் எண்ணம் சிறு விவசாயிகளுக்கு வருவது இயல்பே. நட்ட 5, 6 வாரங்களில் லெட்யூஸ் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால் இடையில் ஒரு வாரம் வேர் கெட்டால் அந்தப் போகமே போயிற்று. நம் தவறுகளை மண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்; தண்ணீர் பொறுக்காது.

முறை புதியதன்று. கலிபோர்னியாவில் டாக்டர் கெரிக் 1929-ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைச் செய்து காட்டினார். நம் நாட்டில் 1946-இல் ஷால்டோ டக்ளஸ் என்பவர் காலிம்பாங் மலையில், ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டியில் உரத்தைத் தூவி நீர் ஊற்றும் எளிய முறையை வகுத்தார். பம்பும் மின்சாரமும் அதற்குத் தேவைப்படவில்லை.

இலை மஞ்சளானதும் மேலும் உரம் கரைப்பதே பலர் செய்யும் தவறு. முதலில் ஒரு செடியைத் தூக்கி வேரைப் பார்க்க வேண்டும். வெண்மையாக இருந்தால் கவலையில்லை. பழுப்பேறி, வழவழத்து, நாற்றம் வீசினால் அது வேரழுகல். எவ்வளவு சத்திருந்தும் செடியால் எடுக்க முடியாது. காற்றோட்டமில்லாத கரைசலும், வெளிச்சம் பட்டுப் பாசி படர்ந்த தொட்டியுமே பெரும்பாலும் இதற்கு இடம் தருகின்றன. தொட்டியைக் கறுப்புத் தார்ப்பாயால் மூட வேண்டும்.

வேர் நன்றாக இருந்தால், எந்த இலை வெளுக்கிறது என்று கவனிக்க வேண்டும். அடியிலை முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மக்னீசியக் குறைவு. அதே அறிகுறி குருத்திலையில் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. இதற்கு அன்னபேதியைக் கொட்டுவதில் பயனில்லை. கார நிலை கூடிய கரைசலில் அது துருவாக அடியில் படிந்துவிடும். கரைசலின் பி.எச். அளவை 5.5-லிருந்து 6.5-க்குள் வைத்தாலே பல சமயம் புதுக் குருத்து பசுமையாக வரும். மலை ஊற்று நீரில் உப்பு குறைவு. அதனால் பி.எச். விரைவில் மாறும், அன்றாடம் சோதிப்பது நல்லது. அந்நீரில் சுண்ணாம்புச் சத்தும் சொற்பமே. உள்ளிலைகளின் ஓரம் கருகுவதற்கு அக்குறைவு ஒரு காரணம். காற்றாடாத ஈரக் கொட்டகை மற்றொன்று.

கால்சியம் நைட்ரேட்டை மற்ற உரங்களுடன் அடர்கரைசலாக ஒரே வாளியில் கரைக்கக் கூடாது. சல்பேட்டும் மணிச்சத்தும் அதனுடன் கூடி வெள்ளை வண்டலாகிவிடும். அதற்குக் கொடுத்த காசு வாளியின் அடியில் கிடக்கும். நிலத்துக்கு வாங்கிய யூரியாவும் 17:17:17 கலப்பு உரமும் இம்முறைக்கு ஏற்றவையல்ல.

மழைக்காலத்து மூடுபனியில் செடி வெளிறி, நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்தால் அது வெளிச்சக் குறைவு. கூரைப் பாலித்தீனில் படிந்த பாசியைக் கழுவினாலே பாதி சரியாகும். டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் இலையில் ஊதா நிறம் படர்வதுண்டு. கரைசல் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் குளிர்ந்தால் வேர் மணிச்சத்தை எடுக்கத் திணறும். உரம் கூட்டிப் பயனில்லை, தொட்டியைக் குளிர் தாக்காமல் காக்க வேண்டும். (சிவப்பு லெட்யூஸ் ரகத்தை நட்டுவிட்டு நோய் என்று பதறுவோரும் உண்டு!)

கரைசலின் மின்கடத்தும் திறன் லெட்யூஸுக்கு 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ் போதும். அதற்கு மிக அதிகமானால் இலை நுனி காயும். நல்ல நீர் சேர்த்துக் குறைக்க வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை கரைசலையே மாற்றிவிடலாம்.

வேரழுகல் கண்ட செடிகளுக்காகப் பூசணக்கொல்லியைக் கரைசலில் கலப்பது கூடாது. லெட்யூஸ் பச்சையாக உண்ணும் கீரை. அழுகிய செடிகளை அப்புறப்படுத்தி, கரைசலைக் கொட்டிவிட்டு, தொட்டியையும் குழாய்களையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நல்ல நீரில் இருமுறை அலசிய பின்னரே மறுநடவு செய்ய வேண்டும்.