கொள்கலன் கப்பல் வழித்தடத் திட்டமிடல்

கொள்கலன் கப்பல் வழித்தடத் திட்டமிடல் என்பது எந்தத் துறைமுகங்களை எந்த வரிசையில் தொடுவது, அதற்கு எத்தனை கப்பல்களை எந்த அளவில் அமர்த்துவது என்பவற்றைச் சரக்கின் அளவு தெரியும் முன்பே முடிவு செய்வதாகும். கப்பலைப் பல மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்; சரக்கோ புறப்படும் வாரத்தில்தான் உறுதியாகும்.

தூத்துக்குடியில் ஏறும் கொள்கலன்களில் கணிசமானவை சிறிய இணைப்புக் கப்பல்களில் கொழும்பு சென்று, அங்கே பெரிய தாய்க்கப்பல்களுக்கு மாறுகின்றன. இணைப்புக் கப்பல் தாமதித்தால் திருப்பூர்ப் பின்னலாடை அடுத்த தாய்க்கப்பலுக்காகக் காத்துக்கிடக்கும்.

தாய்க்கப்பல்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் நாட்காட்டியே தீர்மானிக்கிறது. ஒரு சுற்றுக்கு 70 நாள் என்றால், வாரம் ஒரு கப்பல் வர 10 கப்பல்கள் வேண்டும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களுக்குப் பின் பல நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. அதனால் சுற்றுக்கு 14 நாள் கூடினால், ஒரு பெட்டிகூட அதிகரிக்காமலே 12 கப்பல்கள் தேவைப்படும்.

இணைப்புக் கப்பலின் அளவைத் தேர்வது இதைவிடச் சிக்கலானது. எடுத்துக்காட்டாக, வாரச் சரக்கு 600, 800, 1,000 பெட்டிகளாக இருக்கச் சம வாய்ப்பு உண்டு எனக் கொள்வோம். ஓர் இடத்துக்கு வாரச் செலவு 4,000 ரூபாய். நிரம்பினால் வருவாய் 9,000 ரூபாய். 800க்கு மேற்பட்ட இடங்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறையே நிரம்பும். அவற்றின் சராசரி வருவாய் 3,000 ரூபாய்தான் என்பதால் நட்டம். வருவாய் 15,000 ரூபாயானால் சராசரி 5,000 ஆகும். அப்போது அடிக்கடி காலியிடத்தோடு ஓடினாலும் 1,000 இடமுள்ள கப்பலே லாபம். சரக்கின் சராசரி இரண்டிலும் 800தான். ஆகவே சராசரியை மட்டும் பார்த்துக் கப்பல் எடுப்பது தவறாக முடியலாம்.

இதனால் திட்டமிடுவோர் முடிவுகளை இரண்டாகப் பிரிக்கின்றனர். கப்பலும் வழித்தடமும் முதலில். எந்தப் பெட்டியை எந்தக் கப்பலில் ஏற்றுவது, காலிப் பெட்டிகளை எங்கே அனுப்புவது என்பவை சரக்கு தெரிந்த பின். முதல் முடிவு, வரக்கூடிய நிலைமைகள் அனைத்திலும் சோதிக்கப்படுகிறது.

கொள்கலன் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இதே கடல்வழி இச்சிக்கலைக் கண்டது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் முதலில் வாடகைக் கப்பலை நம்பியது. அது கைவிட்டுப் போனதால் காலியா, லாவோ என்னும் கப்பல்களை வாங்கியது. போட்டி ஆங்கில நிறுவனம் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பயணிகளை இழுத்தது. 1908இல் வ. உ. சி. சிறை சென்றார்; 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது.