10 மாச அட்வான்ஸ் கொடுத்தே ஆகணுமா? வாடகை வீடு தேடுறவங்க உஷார்!

சென்னையில் வாடகைக்கு வீடு பிடிப்பது குதிரைக்கொம்பாகி விட்டது. வாடகையைக் கூட எப்படியோ புரட்டி விடலாம். அட்வான்ஸ் தொகையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது. மாசம் 8 ஆயிரம் ரூபாய் வாடகை என்றால் 10 மாச அட்வான்ஸ் 80 ஆயிரம் ரூபாய். புரோக்கருக்கு ஒரு மாச வாடகை தனி. தினக்கூலிக்குப் போகிறவர் வட்டிக்கு வாங்கித்தான் குடியேற வேண்டி இருக்கிறது.

தமிழக அரசின் புதிய வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ந்தேதி முதல் அமலில் உள்ளது. இதன்படி அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது 24 ஆயிரம் ரூபாய் போதும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக் கொண்டால் தவிர" என்று சட்டமே சொல்கிறது. 10 மாசம் என்று எழுதிய பேப்பரில் நீங்கள் கையெழுத்து போட்டு விட்டால் அப்புறம் சட்டம் பேச முடியாது. பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடிதான்.

ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாசத்துக்கு எழுதி பீரோவில் வைத்துக் கொண்டாலும் போதாது. வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். பதிவு நம்பர் இருந்தால்தான் தகராறு வரும்போது அங்கே போய் நிற்க முடியும். காலி செய்த ஒரு மாசத்துக்குள் அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும். 'பெயிண்டிங்' என்று சொல்லி ஒரு மாச வாடகையைப் பிடிப்பார்கள். அதையும் முதலிலேயே பேசி எழுதி விடுங்கள். சண்டை வந்தால் தண்ணீர், கரண்டை நிறுத்துவதும் சட்டப்படி தப்பு.

லீஸ் என்றால் டபுள் உஷார்

'மாச வாடகை வேண்டாம், 5 லட்சம் லீஸ் கொடுங்க' என்று யாராவது வந்தால் உடனே நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். வீட்டை ஓனரிடம் மாச வாடகைக்கு எடுத்து, அதையே லீசுக்கு விட்டு, பணத்தோடு ஓடிப் போகும் ஆசாமிகள் இருக்கிறார்கள். ஓனர் வந்து கதவைத் தட்டும்போதுதான் விஷயமே தெரியும். ஓனரை நேரில் பாருங்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்க சான்று போட்டால் வீடு பேங்க் கடனில் இருக்கிறதா என்பதும் தெரிந்து விடும்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் வாரிய வீடுகள் குறைந்த வாடகைக்கு வருவது உண்டு. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்) ஒதுக்கிய வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள்தான்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அடையாறு, கூடுவாஞ்சேரியில் அரசின் 'தோழி' விடுதிகள் உள்ளன. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18 ஆயிரத்து 720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வீடே இல்லாமல் பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்கு மாநகராட்சி காப்பகங்களில் காசு இல்லாமல் இடம் உண்டு. குடும்பத்தோடு வருகிறவருக்கு இப்படி ஒரு வாடகைத் திட்டம் இங்கே பெரிதாக வரவில்லை. அவர் வீட்டுக்காரரோடுதான் பேசியாக வேண்டும்.