உங்களுக்குத் தெரியுமா? – நாஸ்கார் ரசிகர்களும் மாறும் விதிகளும்

பிப்ரவரி வந்துவிட்டால் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய ரசிகர்களுக்குப் புது வருடம் பிறந்துவிட்டது. அந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு ஒவ்வொரு சீசனுக்கும் ஏதாவதொரு விதியை மாற்றும். ரசிகர்கள் கொதிப்பார்கள், கொண்டாடுவார்கள், சில சமயம் அந்த விதியையே திரும்பப் பெற வைப்பார்கள். அவர்களின் குரலுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இதோ சில செய்திகள்.

● முதல் பந்தயமே தகராறு
நாஸ்காரின் முதன்மைத் தொடரில் (இன்றைய கப் தொடர்) முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் நடந்தது. கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்ட வேண்டும் என்பது விதி. முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கில் மாற்றம் தெரிந்தது. கள்ளச்சாராயம் ஏற்றிய கார் அது. பாரம் தாங்குவதற்காகச் செய்த வேலை. பரிசு ஜிம் ரோப்பருக்குப் போனது. காரின் உரிமையாளர் நீதிமன்றம் போய்த் தோற்றார். விதியை அமல்படுத்தும் அதிகாரம் நாஸ்காருக்கு உறுதிப்பட்டது அந்த வழக்கில்தான்.

● தேரோட்டம் முதல் நாளே
மற்ற விளையாட்டுகளில் பெரிய ஆட்டம் கடைசியில் வரும். இங்கே டேடோனா 500 என்ற மகா பந்தயம்தான் 1982 முதல் சீசனைத் தொடங்கி வைக்கிறது. திருவிழாவின் முதல் நாளே தேர் இழுப்பது மாதிரி! இரண்டரை மைல் தடம், வளைவுகளில் 31 டிகிரி சாய்வு, 200 சுற்று. புது விதிகளுக்கும் முதல் பெரிய பரீட்சை பெரும்பாலும் இங்கேதான்.

● மூன்று நாள் காத்திருந்த வெற்றி
1959இல் நடந்த முதல் டேடோனா 500இல் ஜானி போசாம்ப் வென்றதாக அறிவித்தார்கள். லீ பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் பார்த்த பிறகு, மூன்றாம் நாள் வெற்றி பெட்டிக்கு என்று முடிவானது.

● பனி கொடுத்த பரிசு
1979 டேடோனா 500தான் தொடக்கம் முதல் இறுதி வரை தேசிய அளவில் நேரலையாக ஒளிபரப்பான முதல் 500 மைல் பந்தயம். அன்று கிழக்கு அமெரிக்காவில் கடும் பனி. வெளியே போக முடியாத மக்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். கடைசிச் சுற்றில் கேல் யார்பரோவும் டானி ஆலிசனும் மோதிக்கொள்ள, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். ஆலிசனின் அண்ணன் பாபியும் வந்து சேர, தடத்தின் ஓரத்தில் கைகலப்பு. தென்மாநிலங்களின் விளையாட்டு நாடெங்கும் பேசப்பட்டது அன்று முதல்தான்.

● வேகத்துக்குப் போட்ட தடை
1987இல் டாலடேகாவில் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் வேகம் தொட்டார். அதே வாரயிறுதிப் பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் டயர் வெடித்துப் பறந்து, ரசிகர்கள் முன்னிருந்த வேலியைக் கிழித்தது, பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு டேடோனாவிலும் டாலடேகாவிலும் ரெஸ்ட்ரிக்டர் பிளேட் கட்டாயமானது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் துளைத் தகடு அது. வேகம் குறைந்தது, கார்கள் ஒட்டிக்கொண்டு கூட்டமாக ஓடத் தொடங்கின. ஒருவர் தடுமாறினால் இருபது கார் நொறுங்கும் பெருவிபத்துகளும் கூடவே வந்தன.

● மூன்று விரல்கள்
2001 பிப்ரவரி 18. டேடோனா 500இன் கடைசி வளைவில் 3ஆம் எண் காரை ஓட்டிய டேல் ஏர்ன்ஹார்ட் உயிரிழந்தார். அந்த அக்டோபரிலேயே தலை, கழுத்துப் பாதுகாப்புக் கருவி கட்டாயமானது. அதிர்ச்சி தாங்கும் சுவர்கள் தடங்களில் எழுந்தன. அதன்பின் கப் தொடர்ப் பந்தயங்களில் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பந்தயத்தின் மூன்றாம் சுற்றிலும் ரசிகர்கள் மூன்று விரலை உயர்த்தி நின்றார்கள்.

● பீர் கேன் மழை
2004 ஏப்ரலில் டாலடேகாவில் கடைசிச் சுற்றுகளில் மஞ்சள் கொடி விழுந்தது. அது விழுந்தால் யாரும் முந்தக் கூடாது. ஜெஃப் கார்டனும் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியரும் அருகருகே இருந்த நேரம். பந்தயம் அப்படியே முடிந்து, கார்டன் வென்றதாக அறிவித்ததும் பீர் கேன்கள் தடத்தில் பறந்து விழுந்தன. எறிந்தது தவறு, பந்தயத்தை ஓடித்தான் முடிக்க வேண்டும் என்று கேட்டது நியாயம். அந்த ஆண்டின் நடுவிலேயே கூடுதல் சுற்றுகள் விட்டுப் பச்சைக் கொடியில் பந்தயத்தை முடிக்கும் விதி கப் தொடருக்கு வந்தது.

● இறக்கை போனது
2007இல் அறிமுகமான புது மாடல் காரின் பின்னால் பெரிய இறக்கை இருந்தது. முதல் பந்தயத்தை வென்ற கைல் புஷ்ஷே வெற்றி மேடையில் காரைத் திட்டினார். ரசிகர்களுக்கும் பிடிக்கவில்லை. 2010 மார்ச்சில் இறக்கையைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்பாய்லரை மாட்டினார்கள்.

● ஐந்து நட்டு ஒன்றானது
பல்லாண்டுகளாக ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு. 2022இல் வந்த நெக்ஸ்ட் ஜென் காரில் நடுவில் ஒன்றே ஒன்று. டயர் மாற்றும் பிட்டில் ஐந்து முறை அலறும் நட்டு கழற்றும் காற்றழுத்தக் கருவியின் சத்தத்தை நேசித்தவர்களுக்கு அது பெரிய இழப்பு.

● சுவரில் உரசி ஓடியவர்
2022 அக்டோபர், மார்ட்டின்ஸ்வில். கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெயின் காலை எடுக்காமல் முடுக்கி, காரை வெளிச்சுவரில் சாய்த்து, வளைவு முழுக்க உரசியபடியே ஐந்து கார்களை முந்தி, பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார். அரங்கமே எழுந்து நின்றது. இனி அப்படி ஓட்டினால் தண்டனை என்று 2023 ஜனவரியில் நாஸ்கார் அறிவித்துவிட்டது.

● காதில் கேட்கும் ரகசியம்
ஓட்டுநரும் அவர் அணியும் ரேடியோவில் பேசுவதை ரசிகர்கள் ஸ்கேனர் கருவி வைத்து அப்படியே கேட்கலாம். டயர் தேய்ந்ததும் எரிபொருள் குறைந்ததும் கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். அதனால்தான் விதி பற்றிய அவர்கள் பேச்சில் விவரம் இருக்கும்.

● கோவைக்காரருக்கு ஓட்டு
ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில்லில். அந்த ஆண்டு டிரக் தொடரின் 'மிகப் பிரபலமான ஓட்டுநர்' யார் என்று ரசிகர்கள் வாக்களித்தபோது வென்றவர் நம் கோவைக்காரர்தான்!

● ஒரே வெற்றி, ஒரு பட்டம்
2003 வரை ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளே சாம்பியனைத் தீர்மானித்தன. அந்த ஆண்டு ஒரே ஒரு பந்தயம் வென்ற மேட் கென்செத்துக்குப் பட்டம். எட்டு வென்ற ரயன் நியூமனுக்கு ஆறாம் இடம். 2004இல் 'சேஸ்' பிறந்தது. 26 பந்தயங்களுக்குப் பின் முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகளை நெருக்கி வைத்து, கடைசி 10 பந்தயங்களில் மோதவிட்டார்கள்.

● நாக் அவுட் காலம்
2014இல் அதுவும் மாறியது. 16 பேர் நுழைந்து, கட்டங்கட்டமாக வெளியேறி, கடைசிப் பந்தயத்தில் நால்வர் மோத வேண்டும். அவர்களில் முந்துபவரே சாம்பியன். முதல் ஆண்டே நியூமன் ஒரு வெற்றிகூட இல்லாமல் இறுதிக்கு வந்து, கெவின் ஹார்விக்குக்கு அடுத்ததாக முடித்தார். 2024இல் ஜோயி லோகானோ வெளியேறியிருந்தார். வேறொருவரின் கார் எடை குறைவாக இருந்ததால் மீண்டும் உள்ளே வந்து பட்டத்தையே வென்றார். ஆண்டு முழுவதும் அவர் முடித்த இடங்களின் சராசரி 17.1, வேறெந்தச் சாம்பியனுக்கும் இவ்வளவு பின்தங்கிய சராசரி இல்லை.

● மூன்று சுற்றில் போன பட்டம்
2025 நவம்பர், ஃபீனிக்ஸ். 312 சுற்றுகளுக்குத் திட்டமிட்ட பந்தயத்தில் 208 சுற்று முன்னிலையில் இருந்தவர் டென்னி ஹாம்லின். பல்லாண்டுகள் ஓட்டியும் கைக்கெட்டாத முதல் பட்டம் மூன்றே சுற்று தூரத்தில் இருந்தது. வேறொரு காரின் டயர் போனது, மஞ்சள் கொடி விழுந்து கார்கள் மீண்டும் ஒன்றாகத் திரண்டன. அன்று ஒரு சுற்றுகூட முன்னிலை பெறாத கைல் லார்சன் சாம்பியனானார். லார்சன் மேல் குற்றமில்லை. ஆனால் 36 பந்தய உழைப்பை ஒரு கொடி அழித்ததை ரசிகர்களால் ஏற்க முடியவில்லை.

● திரும்பி வந்த சேஸ்
2026 ஜனவரியில் நாஸ்கார் இறங்கி வந்தது. நாக் அவுட் ஒழிந்தது. ஒரு பந்தயம் வென்றாலே நாக் அவுட் கட்டத்துக்குள் இடம் என்ற சலுகையும் ஒழிந்தது. 16 பேர், 10 பந்தயம், மொத்தப் புள்ளி. வெற்றிக்கு 40 புள்ளி இருந்தது 55 ஆனது. சிறிய தடங்களில் முந்த முடியவில்லை என்ற நெடுநாள் புகாருக்கும் அந்தச் சீசனில் பதில் வந்தது: அங்கே எஞ்சின் சக்தி 670 குதிரைத்திறனிலிருந்து 750 ஆனது.

● மீதிக் கோரிக்கை
36 பந்தயங்களின் புள்ளியையும் எண்ண வேண்டும் என்று பல ரசிகர்களும் முன்னாள் ஓட்டுநர் மார்க் மார்ட்டினும் கேட்டார்கள். கிடைத்தது பாதிதான். மீதியையும் அவர்கள் விடாமல் கேட்க வேண்டும். பிப்ரவரியில் ஜெயித்ததற்கும் நவம்பரில் ஜெயித்ததற்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்பது, டிக்கெட் வாங்கி ஆண்டு முழுவதும் வெயிலில் உட்காரும் ரசிகரின் நியாயமான உரிமை.