கதவடைத்த ஐரோப்பாவில் குடும்பங்கள்

வீட்டு வாசற்படியைத் தாண்டுமுன் ஒரு தாளை நிரப்பிக் கையொப்பமிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எவரேனும் முன்னர் நம்மிடம் கூறியிருந்தால், போர்க்காலத்துக் கதை என்றே எண்ணியிருப்போம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இத்தாலியில் அதுவே அன்றாட வழக்கமாயிற்று. எங்கே செல்கிறோம், எதன்பொருட்டுச் செல்கிறோம் என்று தாமே எழுதி உறுதிகூறிய அத்தாளைக் காவலர் கேட்டால் காட்ட வேண்டும். விதிகள் மாறுந்தோறும் தாளும் மாறியது. பிரான்சிலும் மார்ச்சு 17 நண்பகல் முதல் இதே ஏற்பாடு. காலார நடந்து வர விரும்புவோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் என எல்லை வகுத்தார்கள். மீறினால் 135 யூரோ அபராதம். கிரேக்க நாட்டிலோ 13033 என்னும் எண்ணுக்குக் கைபேசியில் செய்தி அனுப்பிவிட்டும் புறப்படலாம். வெளியேறும் காரணத்தை ஓர் இலக்கத்தால் குறித்தால் போதும்: மருந்துக்கு ஒன்று, மளிகைக்கு இரண்டு.

கொரோனா என்னும் கொள்ளைநோயைத் தடுக்க வேறு வழி அப்போது தெரியவில்லை. ஆகவே இவ்விதிகளை வீண் என்று நாம் இகழவில்லை. சீட்டும் அபராதமும் நாளடைவில் மறந்துபோகும். குடும்பங்கள் எளிதில் மறக்க இயலாதது வேறொன்று உண்டு. நோயுற்றவரைச் சந்திப்பதும், இறந்தோரை அடக்கம் செய்வதும் இரக்கத்தின் செயல்கள் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தோம் அல்லவா? அவ்விரண்டும் அந்நாள்களில் சட்டத்தால் தடைபட்டன.

வட இத்தாலியிலுள்ள பெர்கமோ நகரை எடுத்துக்கொள்வோம். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுள்ள மாவட்டம் அது. திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் பிறந்த மண். அங்கு வெளியாகும் 'லெகோ தி பெர்கமோ' நாளேட்டில் மரண அறிவித்தல்கள் வழக்கமாக ஒன்றிரண்டு பக்கங்களில் அடங்கிவிடும். 2020 மார்ச்சு 13-ஆம் நாள் இதழில் அவை பத்துப் பக்கங்களை நிரப்பின. நோய் முற்றியவரை ஏற்றிச் செல்லும் வண்டி வாசலில் வந்து நிற்கும். உடன் ஏற எவருக்கும் அனுமதி இல்லை. கதவு மூடும்போது கண்ட முகமே பலருக்குக் கடைசி முகமாயிற்று. மருத்துவமனையில் செவிலியர் தம் கைபேசியை நோயாளியின் காதருகே பிடித்து, பிள்ளைகளின் குரலையாவது கேட்கச் செய்தனர். வேலைப் பளுவால் தள்ளாடிய அப்பெண்கள் அதையும் தம் கடமையாக ஏற்றுச் செய்ததை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அடக்கத் திருப்பலிகள் தடை செய்யப்பட்டிருந்தன. இரவும் பகலும் எரிந்த தகனச்சாலையாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. மார்ச்சு 18 இரவு, படைத்துறை வண்டிகள் வரிசையாக நின்று சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேறு நகரங்களின் தகனச்சாலைகளுக்குப் புறப்பட்டன. பெர்கமோவை அடுத்த சேரியாத்தே ஊரில் புனித சூசையப்பர் ஆலயத்தின் நடுப்பகுதியில் சவப்பெட்டிகளை வரிசை வரிசையாக வைத்தார்கள். உறவினர் ஒருவரும் உடனில்லை. குருக்கள் வந்து செபித்துத் தீர்த்தம் தெளித்தனர். யாருமற்ற கிடங்கில் கிடப்பதைவிட ஆலயத்தில் இருக்கட்டும் என்று எண்ணிய அப்பங்கைப் பற்றிப் படித்தபோது நம் கண்கள் கலங்கின. நல்ல மரணத்தின் பாதுகாவலர் சூசையப்பரே அன்றோ!

குருக்களும் தப்பவில்லை. பெர்கமோ மறைமாவட்டத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட குருக்கள் அந்த மாதத்திலும் அதையொட்டியும் மாண்டனர். நம் பெரியவர்கள் 'அவஸ்தைப் பூசுதல்' என்று கூறிவந்த நோயில்பூசுதலைக் கொடுக்க ஆள் செல்ல இயலாத நிலை. அப்போது ஆயர் பிரான்செஸ்கோ பெஸ்கி, குரு எட்ட முடியாத இடத்தில் பிள்ளைகளே தம் தாய் தந்தையர்மீது இறைவனின் ஆசீரை வேண்டுமாறு கேட்டுக்கொண்டார். திருமுழுக்குப் பெற்ற எவரும் அவ்வாறு செபிக்கலாம் என்பது புதிய போதனை அன்று. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதை அறிந்திருக்கிறோம்? சாகக் கிடக்கும் தந்தையின் நெற்றியில் சிலுவை வரைய மகனுக்குக் கை எழாது. 'சாமியார் வரட்டும்' என்று காத்திருப்பான்.

உரோமையில் பாவமன்னிப்புக் காரியங்களைக் கவனிக்கும் திருப்பீட அலுவலகம் ஓர் ஆணை வெளியிட்டது. அதில் இட்ட தேதி மார்ச்சு 19, சூசையப்பர் திருநாள். நோயில்பூசுதலும் இறுதி நற்கருணையும் பெற இயலாமல் இறப்போர், தக்க மனநிலையில் இருந்து, தம் வாழ்நாளில் சில செபங்களையேனும் சொல்லி வந்திருப்பார்களாயின், மரண வேளையில் பரிபூரண பலன் பெறுவர். வழக்கமான நிபந்தனைகளைத் திருச்சபையே ஈடுசெய்யும் என்றது அவ்வாணை. பாடுபட்ட சுரூபத்தைக் கையில் வைத்திருப்பது நன்று என்றும் பரிந்துரைத்தது. அன்றாட இரவுச் செபத்தை முணுமுணுத்துக்கொண்டே உறங்கிப்போன பாட்டிமார்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அயர்லாந்து மக்கள் வேறொரு வழி கண்டனர். அங்கு இறந்தவர் வீட்டுக்கு ஊரே திரண்டு செல்வது தொன்றுதொட்ட வழக்கம். அடக்கத்திற்குப் பத்துப் பேர் மட்டும் என்று விதி வந்தபின், ஊரார் ஆலயத்துக்குச் செல்லவில்லை. சவ வண்டி செல்லும் சாலையின் இருபுறமும், இடைவெளி விட்டு, தத்தம் வாசலருகே நின்று சிலுவை வரைந்து விடைகொடுத்தனர். இங்கிலாந்தில் அரச குடும்பத்துக்கும் விதி தளரவில்லை. 2021 ஏப்ரல் 17-இல் இளவரசர் பிலிப்பின் அடக்கச் சடங்கில் முப்பதே பேர். எழுபத்து மூன்று ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவரின் பெட்டியை எலிசபெத் அரசியார் தனியே ஓர் இருக்கையில் அமர்ந்து நோக்கினார்.

திருப்பலி இல்லாத ஞாயிறுகளும் எங்கும் வந்தன. இத்தாலியில் மார்ச்சு 8 முதல் மே 18 வரை மக்களோடு திருப்பலி இல்லை. இங்கிலாந்தில் தனிச் செபத்திற்கும் ஆலயக் கதவுகள் சூன் மாதம் வரை திறக்கவில்லை. போலந்தில் கதவை மூடவில்லை. ஆயின் உள்ளே ஐவர் மட்டும் என்றார்கள். பிரான்சில் எத்துணைப் பெரிய பேராலயமாயினும் முப்பது பேர் மட்டும் என்று 2020 நவம்பரில் ஒரு விதி வந்தபோது, ஆயர்கள் முறையிட, நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அதை மாற்றும்படி பணித்தது. மார்ச்சு 27 மாலை, மழையில் நனைந்த வெறிச்சோடிய இராயப்பர் சதுக்கத்தில், 1522-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது உரோமைத் தெருக்களில் சுமந்து சென்ற அதே சிலுவையின்முன் திருத்தந்தை பிரான்சிசு தனியே நின்றதைத் தொலைக்காட்சியில் கண்டவர்களுள் நாமும் இருந்தோம். தொலைக்காட்சித் திருப்பலியைக் காப்பியைக் குடித்துக்கொண்டே பார்த்தவர்களும் உண்டு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எழவேண்டிய இடத்தில் எழுந்து நின்ற குடும்பங்களும் உண்டு.

இனி முதியோர் இல்லங்களைப் பற்றி. இங்கே நாம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. சுவீடன் நாடு பிறரைப்போல் வீடுகளை அடைக்கவில்லை. சிறுவர் பள்ளிகள் திறந்தே இருந்தன. ஆனால் அங்கும் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் முடிய முதியோர் இல்லங்களுக்குள் பிள்ளைகள் நுழையத் தடை. அத்தடையையும் மீறி நோய் உள்ளே புகுந்து பலரைக் கொன்றது. நாடு தோற்றுவிட்டது என்று அந்நாட்டு மன்னரே திசம்பரில் ஒப்புக்கொண்டார். வெளியாள் வந்தால் ஆபத்து என்பது மெய்யே. ஆயினும், உரிய காப்புடை அணிந்து ஒரே ஒரு மகளோ மகனோ அரைமணி நேரம் அருகிருக்கத் தொடக்கத்திலேயே வழி செய்திருக்கலாகாதா? பின்னர்ச் சில இடங்களில் அதைச் செய்யத்தான் செய்தார்கள். 2020 நவம்பரில் இத்தாலியின் காஸ்தெல்ஃப்ராங்கோ வேனெத்தோ ஊரிலுள்ள ஓர் இல்லத்தில் 'அணைப்பு அறை' ஒன்றை அமைத்தனர். நடுவே கண்ணாடிபோன்ற நெகிழித் திரை. அதில் பொருத்திய நீண்ட கையுறைகளுள் கைகளை நுழைத்துப் பிள்ளைகள் தம் அன்னையரைத் தழுவிக்கொண்டனர். விலையுயர்ந்த பொருள் ஒன்றும் அதில் இல்லை. யாரோ ஒருவருக்கு அந்த எண்ணம் தோன்ற வேண்டியிருந்தது, அவ்வளவே.

ஸ்பெயின் நாட்டில் குழந்தைகளே அதிகம் அடைபட்டனர். மார்ச்சு 14-இல் அவசரநிலை அறிவித்தபின், நாயை நடத்திச் செல்லப் பெரியவர் வெளியே வரலாம். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை உலாவ வரலாகாது. ஆறு வாரங்கள் அப்படி! மாடிக் குடியிருப்புகளில் ஓடியாட இடமின்றிச் சிறுவர்கள் நடைவழியில் பந்து உருட்டினர். இரவு எட்டு மணிக்கு மட்டும் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நன்றிகூறப் பலகணியில் நின்று கைதட்டும்போது எதிர்வீட்டுத் தோழனைப் பார்ப்பார்கள். ஏப்ரல் 26, ஞாயிறன்றுதான் பெற்றோருள் ஒருவருடன் ஒரு மணி நேரம் வெளியே வர விடுதலை கிடைத்தது.

மே 2 முதல் பெரியவர்க்கும் நேரம் பகுத்தனர். எழுபது வயதைக் கடந்தவர்கள் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை உலாவலாம். குழந்தைகளின் நேரம் பன்னிரண்டு முதல் மாலை ஏழு வரை. கூட்டம் கலவாதிருக்கச் செய்த ஏற்பாடு. ஆகவே நண்பகலில், மூவேளைச் செபத்திற்கு மணி அடிக்கும் நேரத்தில், தாத்தாவும் பாட்டியும் கைத்தடி ஊன்றி வீடு திரும்பினர். அதே நேரத்தில் பேரப்பிள்ளைகள் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி இறங்கினர். தெருமுனையில் ஒருவரையொருவர் காண நேர்ந்தவர்கள், இரண்டு மீட்டர் தள்ளி நின்று கையசைத்துக்கொண்டனர்.