கடைமடைக்குத் தண்ணீர்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மாமனாருக்குப் பெருந்தமனி வீக்கத்துக்காக ஆபரேஷன் நடந்தது. மறுநாள் நன்றாகப் பேசினார், காலை மடக்கி நீட்டினார். மூன்றாம் நாள் இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. டாக்டர்கள் ஓடிவந்து ரத்த அழுத்தத்தை ஏற்ற மருந்து செலுத்தினார்கள், முதுகிலிருந்து ஏதோ நீரை வடித்தார்கள். சாயங்காலத்துக்குள் கால் அசைந்துவிட்டது. இத்தனை வருஷம் அழுத்தத்தைக் குறைக்கத்தானே மாத்திரை கொடுத்தார்கள், இப்போது ஏன் ஏற்றினார்கள்?"

நல்ல கேள்வி. இப்படிப்பட்ட சிகிச்சைகளைப் பற்றி நம் காதில் விழுவதில் முக்கால்வாசி விளம்பரம்தான்: சிறு துளை, புது ஸ்டென்ட், சில நாளில் வீடு. அதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நோயாளி தன் காலால் நடந்து வீடு திரும்புவாரா என்பது வேறொரு கணக்கு. ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் கழியும் முதல் சில நாட்களில், யாரும் படம் எடுத்துப் போடாத ஒரு கழித்தல் கணக்கு அதைத் தீர்மானிக்கிறது.

பெருந்தமனி சாதாரணமாக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலம். சிலருக்கு அது நெஞ்சிலிருந்து வயிறு வரை வீங்கிக்கொண்டே போகும். ஐந்தரை, ஆறு சென்டிமீட்டரை எட்டினால், வெடிக்கும் ஆபத்து ஆபரேஷனின் ஆபத்தை மிஞ்சிவிடும். அப்போது சர்ஜன் உடலைத் திறந்து, வீங்கிய பகுதிக்குப் பதிலாக பாலியஸ்டர் குழாயைத் தைக்கிறார். அல்லது தொடைத் தமனி வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்டை உள்ளே செலுத்தி விரிக்கிறார். இரண்டிலும் ஒரே சங்கடம். பெருந்தமனியின் முதுகுப்புறத்திலிருந்து, முள்ளெலும்புக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில் சிறு தமனிகள் பிரிந்து விலா இடுக்குக்கும் முதுகுத் தசைக்கும் போகின்றன. அவற்றின் நுனிக் கிளைகள்தான் தண்டுவடத்துக்கு ரத்தம் ஊட்டுகின்றன. புதுக் குழாயில் அந்த வாசல்கள் கிடையாது. ஸ்டென்டின் துணியும் அவற்றை மூடிவிடும். தழும்பு பெரிதா சிறிதா என்பது தண்டுவடத்துக்குத் தெரியாது.

வரலாறு சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள் என்பதால் ஒரு பத்தி. தண்டுவடத்தின் ரத்தக் குழாய்களை 1880-களின் தொடக்கத்தில் விவரித்தவர் ஆல்பர்ட் அடாம்கேவிச். அவற்றில் மிகப் பெரியதற்கு இன்றும் அவர் பெயர்தான். 1951-இல் பாரிஸில் ஷார்ல் துபோஸ்த், வயிற்றுப் பெருந்தமனியின் வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் தமனியை அங்கே வைத்துத் தைத்தார். செயற்கைத் துணிக் குழாய்களைப் பரவலாக்கியதில் ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. 2006-இல், 97 வயதில், அவரே பெருந்தமனி கிழிந்து இதே வகை ஆபரேஷனுக்குப் படுத்தார். பிழைத்தார், ஆனால் மருத்துவமனையை விட்டு வெளியேற மாதக்கணக்கில் ஆயிற்று. அதே நகரில் ஸ்டான்லி கிராஃபோர்ட் செய்த 1,509 ஆபரேஷன்களின் கணக்கு 1993-இல் வெளியானது. நூற்றுக்கு 16 பேருக்குக் கால்கள் முழுதாகவோ பாதியாகவோ செயலிழந்திருந்தன. உலகின் மிகத் தேர்ந்த கைகளில் இந்த நிலை.

நெடுங்காலம் எல்லாரும் தேடியது அடாம்கேவிச்சின் அந்த ஒற்றைத் தமனியை. அதைக் கண்டுபிடித்துப் புதுக் குழாயோடு இணைத்துவிட்டால் கால் பிழைக்கும் என்பது நம்பிக்கை. நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் ராண்டல் கிரீப்பின் குழு இதைச் சந்தேகித்தது. ஜோடித் தமனிகள் பலவற்றை மூடியும் கால் நன்றாக இருக்கும் நோயாளிகள் ஏராளம். அப்படியானால் தண்டுவடம் ஒற்றைக் குழாயை நம்பி வாழவில்லை. ஒரு வலைப்பின்னலை நம்பி வாழ்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியே இந்த வலைப்பின்னல்தான்.

காவிரிப் பாசனத்தின் கடைமடை வயல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பெருந்தமனி, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் ஜோடித் தமனிகள், வயல் தண்டுவடம். ஆற்றங்கரையைப் புதிதாகக் கட்டுகிறேன் என்று பத்து மதகுகளை அடைத்துவிட்டார்கள். வயல் உடனே காயுமா? காயாது. பக்கத்து வயல்களிலிருந்து வரப்பு மடை வழியாகக் கொஞ்சம் கசியும். மேலே கழுத்துப் பக்கத்து வாய்க்காலிலிருந்தும் கீழே இடுப்புப் பக்கத்து வாய்க்காலிலிருந்தும் சுற்றிச் சுற்றி வந்து சேரும். பக்கத்து வயல்கள் என்பவை முதுகெலும்பை ஒட்டிய தசைகள். ஆனால் இப்படிச் சுற்றி வரும் தண்ணீருக்கு வேகம் குறைவு. ஆற்றில் மட்டம் ஒரு சாண் இறங்கினாலும் முதலில் வறளுவது கடைமடைதான். இதில் உடைப்பு வேறு. திறந்த ஆபரேஷனில் வெட்டுண்ட வாய்க்கால் வாய்கள், வற்றிய ஆற்றுக்குள் தண்ணீரைப் பின்னோக்கிக் கொட்டும். வயலுக்கு வந்த கொஞ்சமும் திருட்டுப்போகும். சர்ஜன் முதலில் அந்த வாய்களை அடைக்கிறார்.

இன்னும் ஒரு சிக்கல். வயலில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கி நின்றால், வாய்க்கால் தண்ணீர் உள்ளே ஏறாது. தண்டுவடத்தைச் சுற்றி மூளைத் தண்டுவடத் திரவம் நிற்கிறது. அதைச் சுற்றிலும் எலும்புச் சுவர். ரத்தம் குறைந்து தண்டுவடம் லேசாக வீங்கினாலும் விரிய இடமில்லை. திரவத்தின் அழுத்தம் ஏறி, உள்ளே வர முயலும் ரத்தத்தை எதிர்த்துத் தள்ளும். ஆகவே ஆற்று மட்டத்தை உயர்த்த வேண்டும், வயலின் வடிகாலைத் திறக்க வேண்டும், நீர் பாய்ச்ச ஒரு ஆள் ராத்திரி முழுக்க வரப்பில் நடக்க வேண்டும். இதற்கு மேல் இழுத்தால் தூர்வாரும் டெண்டர் வரை போய்விடுவேன்.

கணக்கு இதுதான்: சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து திரவத்தின் அழுத்தத்தைக் கழியுங்கள். 90 மி.மீ. பாதரச அளவில் 10-ஐக் கழித்தால் மிச்சம் 80, தண்டுவடம் பிழைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் 65-க்கு இறங்கி, திரவம் 20-க்கு ஏறினால் மிச்சம் 45 மட்டுமே. முதல் நாள் அசைந்த கால் மூன்றாம் நாள் அசையாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படி ஒரு சரிவுதான். காய்ச்சல், டயாலிசிஸ், ரத்தக் கசிவு, கொஞ்சம் அதிகமாகிப்போன பி.பி. மாத்திரை என எது வேண்டுமானாலும் சரிவைத் தொடங்கிவைக்கலாம். தண்டுவடம் இன்னும் செத்துவிடவில்லை, பட்டினியில் மயங்கிக் கிடக்கிறது. சீக்கிரம் கவனித்தால் சிலருக்குக் கால் திரும்பும், தாமதித்தால் திரும்பாது.

அழுத்தத்தை ஏற்றியதற்கான பதிலும் இதில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன், உப்பிய சுவர் வெடித்துவிடக் கூடாது என்று அழுத்தத்தைக் குறைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது பாலியஸ்டர். அது பயப்பட வைக்காது. கவலை கடைமடைக்கு இடம் மாறிவிட்டது. (மீதிப் பெருந்தமனியிலும் கிழிசல் உள்ளவர்களுக்கு இது இவ்வளவு எளிதல்ல, அங்கே ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நடுவே டாக்டர்கள் கயிற்றின் மேல் நடக்கிறார்கள். ஆகவே வீட்டில் யாரும் மாத்திரையில் கைவைக்க வேண்டாம்.)

நீரை வடிப்பது கேட்பதற்கு எளிது. இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய குழாயைச் செருகி, திரவ அழுத்தம் 10-ஐ ஒட்டி நிற்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவார்கள். உடலில் இந்தத் திரவம் மொத்தம் சுமார் 150 மில்லி. ஒரு நாளைக்கு சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. அவசரப்பட்டு வடித்தால் மூளை கீழே இழுபட்டு, அதன் மேற்பரப்புச் சிரைகள் கிழிந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டும். அதனால்தான் மணிக்கு 10, 15 மில்லி என்று வரம்பு வைக்கிறார்கள்.

இது பலன் தருமா என்பதற்கான சோதனைகளின் கதை, புதுமைச் செய்தி படிப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு பாடம். கிராஃபோர்டே ஒரு சோதனை நடத்தினார். முடிவு 1991-இல் வெளிவந்தது. வடித்தவர்கள், வடிக்காதவர்கள் என இரு தரப்பிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குக் கால் பாதிப்பு. வடிப்பது வீண் என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் அவர் வடித்தது ஆபரேஷனின்போது மட்டும், அதுவும் 50 மில்லிக்கு மேல் போகாமல். பின்னர் அதே ஹூஸ்டனில் ஜோசப் கோசெல்லி 145 பேரிடம் மறுபடி சோதித்தார். இம்முறை ஆபரேஷனுக்குப் பிறகும் இரண்டு நாள் வடித்தார்கள். 2002-இல் வந்த முடிவு: வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, வடித்தவர்களில் 2.6 சதவீதம். குழாய் அதேதான். முக்கியமான வித்தியாசங்களில் ஒன்று, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கழிந்த அந்த இரண்டு நாள்.

இனி, என் கடைமடை உவமை உடையும் இடம். நெல் வயல் தனக்குத் தானே வாய்க்கால் வெட்டிக்கொள்ளாது. உடல் வெட்டிக்கொள்கிறது. கிரீப்பும் கிறிஸ்டியன் எட்ஸும் பன்றிகளில் ஜோடித் தமனிகளை மூடினார்கள். தண்டுவடத்துக்குப் போகும் அழுத்தம் முதல் சில மணி நேரத்தில் தரைமட்டத்துக்கு விழுந்தது. ஐந்து நாளுக்குள் பழைய நிலைக்கு அருகே வந்துவிட்டது. ரத்தக் குழாய்களுக்குள் பிசினை ஊற்றி உறையவைத்து அச்செடுத்துப் பார்த்தபோது, தசைக்குள் இருந்த நுண்ணிய தமனிகள் தடித்திருந்தன. பல, முதுகெலும்புக்கு இணையான திசைக்கே திரும்பியிருந்தன. தண்டுவடத்தின் முன்புறத் தமனியும் அகன்றிருந்தது. எந்த மருந்தும் கொடுக்காமல், பட்டினியும் சில நாள் அவகாசமும் செய்த வேலை இது.

இந்த அவகாசத்தையே சிகிச்சையாக மாற்ற முடியுமா? முடிகிறது. நீண்ட வீக்கத்தை ஒரே மூச்சில் சரிசெய்யாமல், இடைவெளி விட்டு இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதல் கட்டத்தில் சில வாய்கள் மூடும், உடல் மாற்று வழி வளர்த்துக்கொள்ளும், பிறகு மிச்சம். ஜெர்மனியின் லைப்ஸிக்கில் எட்ஸின் குழு இன்னும் ஒரு படி போனது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பே, மெல்லிய குழாய் வழியாகச் சில ஜோடித் தமனிகளைச் சுருள் கம்பியால் அடைத்துவிட்டுக் காத்திருப்பது அவர்கள் யோசனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு பல நாடுகளில் இதற்கெனச் சோதனையும் ஏற்பாடானது. எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன். காத்திருக்கும் நாட்களில் வீக்கம் வெடித்துவிட்டால் அழகான யோசனை உதவாது. ஏற்கெனவே வெடித்து வருபவருக்குக் காத்திருக்கும் பேச்சே இல்லை.

‘விரைவு மீட்பு’ என்ற பெயரில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் 1990-களில் தொடங்கிவைத்த முறைகளும் பெருந்தமனிக்கு வந்திருக்கின்றன: முன்கூட்டியே புகைப்பதை நிறுத்துவது, மூச்சுப் பயிற்சி, வலியை அடக்கும் விதத்தை மாற்றுவது, சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை. எல்லாம் நல்லதே. ஆனால் ‘விரைவு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாளில் வீடு என்று போட்டி போடுவது, தண்டுவட விஷயத்தில் ஆகாத வேலை. அதற்குத் தேவை அவசரமில்லாத சில நாட்களும் இறங்காத அழுத்தமும்.

பொறுமையின் பலன் எண்ணிலும் தெரிகிறது. கோசெல்லியின் குழு 2016-இல் 3,309 ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டது. இரு கால்களும் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 2.9 சதவீதம். கிராஃபோர்டின் 16-இல் லேசான பாதிப்பும் சேர்த்தி என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. அப்படியும் இறக்கம் பெரிது. இந்த இறக்கத்துக்கு ஒரு கண்டுபிடிப்பைக் காரணம் காட்ட முடியாது. உடலைக் குளிர்வித்தல், சில தமனிகளை மறுபடி இணைத்தல், வடிகுழாய், அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதால் வந்தது.

உறவினர் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், லேசரா ரோபோவா என்று விசாரிப்பதை விடுங்கள். ஒரே கட்டமா, இரண்டு கட்டமா? வடிகுழாய் வைப்பீர்களா, வைத்தால் எத்தனை நாள்? அழுத்தம் எந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? நள்ளிரவு இரண்டு மணிக்கு நோயாளியை எழுப்பிக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கும் செவிலியர் இருக்கிறாரா? இந்த நாலாவது கேள்விக்கு உடனே பதில் சொல்பவர்களை நம்பலாம். தயங்குபவர்களிடம் எத்தனை கோடி ரூபாய் இயந்திரம் இருந்தாலும், இன்னொரு மருத்துவமனையிலும் விசாரித்துப் பார்ப்பது நல்லது.