வெளியே லாரி ஹாரன், உள்ளே 40 பேர் சத்தம்: ஏ.டி.ஹெச்.டி. குழந்தை எப்படிப் பாடம் கவனிக்கும்?

காலை 9 மணிக்குத் திருவொற்றியூர் பக்கம் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள், டி.எச். ரோட்டில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும், கும்மிடிப்பூண்டி லைனில் மின்சார ரயிலும் சரக்கு ரயிலும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சத்தம். ஹாரன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

ஆனால் ஒரு சில குழந்தைகள் ஒவ்வொரு ஹாரனுக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கக் கூடாது என்று அவர்களே நினைத்தாலும் முடியாது. கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.ஹெச்.டி. உள்ள குழந்தைகள் இவர்கள். உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கு நம் வகுப்பறைகளில் கிடைக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘வாலு’, ‘மந்தம்’, ‘அடங்காதவன்’.

நமக்கெல்லாம் மூளையே ஒரு வடிகட்டி மாதிரி வேலை செய்கிறது. டீச்சர் குரலை முன்னால் கொண்டுவந்து, மற்ற சத்தத்தைப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஏ.டி.ஹெச்.டி.யில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. பக்கத்து பெஞ்சில் பென்சில் சீவும் சத்தமும் டீச்சர் சொல்லும் வாய்ப்பாடும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பது தவறு. எல்லாவற்றையும் கேட்கிறார்கள், அதுதான் சிக்கல்.

சத்தம் படிப்பைக் கெடுக்கும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பிரபலமான சாட்சி இருக்கிறது. அங்கே ஒரு பள்ளிக்குப் பக்கத்திலேயே மேம்பாலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளப் பக்கம் இருந்த வகுப்பு மாணவர்கள், அமைதியான பக்கம் இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-ல் வெளியான ஆய்வில் ஆர்லைன் பிரான்ஸாஃப்ட் காட்டினார். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பதித்தார்கள். 1981-ல் திரும்ப ஆய்வு செய்தபோது அந்த இடைவெளி மறைந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் சாதாரணக் குழந்தைகள். ஏ.டி.ஹெச்.டி. குழந்தைக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல்.

எல்லாச் சத்தமும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் எனக்கே ஆச்சரியம். விட்டுவிட்டு வரும் ஹாரனும், புரியும்படி காதில் விழும் பேச்சும்தான் அதிகம் தொந்தரவு தருபவை. மாறாமல் ஒரே சீராக வரும் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வேறு கதை. ஸ்வீடனைச் சேர்ந்த யோரன் சோடர்லுண்ட் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட இரைச்சலில் ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளின் நினைவாற்றல் கொஞ்சம் கூடியது. மற்ற குழந்தைகளுக்கோ குறைந்தது. அதனால் வகுப்பு முழுக்க இரைச்சலை ஓடவிட முடியாது. வீட்டில் ஹோம்வொர்க் எழுதும்போது டிவியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். காசிமேட்டில் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது அமைதி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். விடிகாலையில் எழுப்பிப் பதினைந்து நிமிடம் எழுதவைத்து, எழுந்து நடக்கவிட்டு, மறுபடி பதினைந்து நிமிடம். இரவு ஒன்பது மணிச் சண்டையைவிட இது மேல்.

வகுப்பில் என்ன பண்ணலாம்?

ஜன்னலை மூடு என்று சொல்வது சுலபம். சென்னை வெயிலில் மூடிவிட்டு யார் உட்காருவது? ஆக, முதல் வேலை இடம் மாற்றுவதுதான். கதவுக்கும் ரோட்டுப் பக்க ஜன்னலுக்கும் தள்ளி, டீச்சருக்குப் பக்கத்தில், அமைதியான பிள்ளை ஒருவருக்கு அருகில். கடந்த 2025 ஜூலையில் பள்ளிக்கல்வித் துறை ‘ப’ வடிவ இருக்கையைப் பரிந்துரைத்தபோது பெரிய விவாதம் கிளம்பியது நினைவிருக்கும். கடைசி பெஞ்ச் இல்லாமல் போவது நல்ல விஷயம்தான். ஆனால் எதிரே இருபது முகம் தெரிவது இந்தக் குழந்தைகளுக்குக் கஷ்டம். கலந்து பேசும் நேரத்துக்கு ‘ப’, தனியாக எழுதும் நேரத்துக்கு வரிசை என்று மாற்றிக்கொண்டால் போதும்.

பெஞ்ச் கால் தரையில் உரசும் சத்தம் சின்ன விஷயமாகத் தெரியும். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கால்களில் மாட்டினால் போய்விடும். வெற்று சிமென்ட் சுவர் சத்தத்தை எதிரொலிக்கும். துணி போர்த்திய அறிவிப்புப் பலகை, கெட்டியான திரை, கீழே பாய் எல்லாம் அதைக் கொஞ்சம் உறிஞ்சும். (முட்டை அட்டையை ஒட்டும் ஐடியா வேண்டாம். வெளிச்சத்தத்தைத் தடுக்காது, தீப்பிடிக்கும்.)

இந்தப் பகுதியில் பல அப்பாக்கள் கம்பெனியில் இயர்மஃப் போட்டு வேலை பார்ப்பவர்கள்தான். அதே தத்துவம் வகுப்பிலும் உதவும். குழந்தை அளவில் புதிதாக ஒன்று, எழுதும் நேரத்தில் மட்டும். டீச்சர் பாடம் நடத்தும்போது கழற்றிவிட வேண்டும்.

அசைவதைத் தடுக்க வேண்டாம் என்பது இன்னொன்று. கரும்பலகையைத் துடைக்க, நோட்டுகளை வாங்கிவர இவர்களை அனுப்புங்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் இந்த வகையில் நல்ல வாய்ப்பு, எழுந்து நடக்கலாம். ஆனால் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் பேசும், அதனால் இவர்களின் குழுவை மூலையில் வைப்பது நல்லது. அடிப்பது? கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு அதைத் தடை செய்துவிட்டது.

யாரிடம் போவது?

முதலில் காதைப் பரிசோதியுங்கள். சளியால் காது அடைத்த குழந்தையும் ‘கவனிக்காத’ குழந்தையாகத்தான் தெரியும். பள்ளியிலும் வீட்டிலும், அதாவது இரண்டு இடத்திலாவது, அறிகுறி இருந்தால்தான் ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். 12 வயதுக்கு முன்பே அவை தொடங்கியிருக்கவும் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு வருடம் ஒருமுறை வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஆகியவையும் பக்கம்தான். மருந்து தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், வாட்ஸ்அப் குரூப் அல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம் என்பதால், பரிசோதனையின்போது அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு வழி உண்டு.

வெளிச்சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் வரம்பு 50 டெசிபல், நாம் சாதாரணமாகப் பேசும் அளவே சுமார் 60. போர்டும் போலீஸ் கண்காணிப்பும் கேட்டு மாநகராட்சிக்கும் போக்குவரத்து போலீசுக்கும் மனு கொடுக்க, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடலாம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான். அடுத்த கூட்டம் எப்போது என்று ஹெச்.எம்.மிடம் கேட்டு வையுங்கள்.